ஃபோனில் டாக்டர், நேரில் டாக்டர்: பெருந்தொற்றுக் காலத்தில் எது எதற்கு?

2020 மார்ச் 25. நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கிய அதே நாளில் மத்திய சுகாதார அமைச்சகம் தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பஸ் நின்றதையும் கடை அடைத்ததையும் பேசிய அளவுக்கு யாரும் இதைப் பேசவில்லை. ஆனால் நோயாளியை நேரில் பார்க்காமலே, ஃபோனிலோ வீடியோவிலோ விசாரித்து மருந்து எழுதலாம் என்று இந்திய டாக்டர்களுக்குத் தெளிவான எழுத்து அனுமதி கிடைத்தது அன்றைக்குத்தான்.

அதற்கு முன்னால் ஃபோனில் வைத்தியம் நடக்கவே இல்லையா என்றால், நன்றாகவே நடந்தது. "டாக்டர், பாப்பாவுக்கு ராத்திரியிலேர்ந்து ஜுரம்." "போன தடவை குடுத்த அதே சிரப்பைக் குடுங்க, நாளைக்கும் குறையலேன்னா தூக்கிட்டு வாங்க." இப்படி ஒரு டாக்டர் வாய்க்காத குடும்பங்கள் குறைவு. சட்டத்தில் மட்டும் இதற்கு இடம் உண்டா இல்லையா என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. 2018இல் மகாராஷ்டிரத்தில் ஒரு வழக்கு. டாக்டர் ஊரில் இல்லாத நேரத்தில் சேர்க்கப்பட்ட நோயாளிக்கு ஃபோனில் சொல்லியே சிகிச்சை கொடுக்க, அந்த நோயாளி இறந்துபோனார். அந்த வழக்கில் டாக்டர்களுக்கு முன்ஜாமீன் தர மும்பை உயர் நீதிமன்றம் மறுத்தது. அதற்குப் பிறகு, தெரிந்த நோயாளிக்குக்கூட ஃபோனில் மாத்திரை பேர் சொல்ல நாடு முழுக்கப் பல டாக்டர்கள் தயங்கினார்கள்.

தொழில்நுட்பம் இல்லாததால் வந்த தயக்கம் அல்ல இது. ஆந்திரத்தின் அரகொண்டா கிராமத்தில் அப்போலோ தொலைமருத்துவ மையம் தொடங்கியது 2000ஆம் ஆண்டில். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004 வாக்கிலிருந்தே சிற்றூர்களில் பார்வை மையங்கள் வைத்து, அங்கே பயிற்சி பெற்ற பெண்கள் கண்ணைச் சோதிக்க, பெரிய மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் வீடியோ வழியே பார்த்து முடிவு சொல்லும் ஏற்பாட்டை நடத்திவருகிறது. இரண்டிலும் நோயாளிக்குப் பக்கத்தில் கருவியோடு ஒருவர் இருந்தார். 2020இல் வந்த ஏற்பாட்டில் அந்த ஆள் இல்லை. நோயாளி, கையில் ஒரு ஃபோன், அவ்வளவுதான். எதை ஃபோனில் முடிக்கலாம், எதற்கு நேரில் போயே ஆக வேண்டும் என்கிற குழப்பம் எல்லாம் இங்கிருந்துதான் வருகிறது.

டாக்டர் ஏன் மருந்து எழுத மறுக்கிறார்

"அரை மணி நேரம் காத்திருந்து பேசினேன், பாராசிட்டமால் தவிர எதுவும் எழுதலை, நேர்ல வாங்கன்னு வெச்சுட்டார்." ஃபோன் ஆலோசனை பற்றி அதிகம் கேட்ட குறை இதுதான். டாக்டருக்கு அக்கறை இல்லை என்று ஒரு பக்கம், ஆளை வரவழைத்துக் காசு பார்க்கிறார் என்று இன்னொரு பக்கம். விதியைப் படித்தால் பெரும்பாலும் இரண்டுமே காரணம் இல்லை என்பது புரியும்.

நெறிமுறை மருந்துகளைப் பட்டியல் போட்டுப் பிரித்திருக்கிறது. முதல்முறையாகப் பேசும் நோயாளி, வெறும் குரல்தான், படம் இல்லை என்றால் பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பவுடர், இருமல் மிட்டாய் போன்ற, கடையில் சீட்டில்லாமலே கிடைக்கும் வகைதான் எழுத முடியும். முதல் தடவையே ஆனாலும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசினால் கொஞ்சம் கூடுதல்: தோலுக்குக் களிம்பு, கண்ணுக்கும் காதுக்கும் சொட்டு மருந்து. ஏற்கெனவே சாப்பிட்டுவரும் பிரஷர், சுகர், ஆஸ்துமா மருந்துகளைத் தொடர்ந்து எழுதித் தருவதும் இதில் அடங்கும். அதே டாக்டரை, அதே நோய்க்காக, கடந்த ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்திருந்தால் அது தொடர் ஆலோசனை. அப்போது மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரை போதவில்லை என்றால் அதோடு இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பது போன்ற மாற்றங்களைச் செய்யலாம். ஆறு மாதம் தாண்டிவிட்டால், எத்தனை வருடப் பழக்கம் என்றாலும் விதிப்படி நீங்கள் புது நோயாளிதான். போதைப்பொருள், மனமயக்கி மருந்துகளுக்கான சட்டத்தின் கீழ் வருபவை, மருந்துச் சட்டத்தின் எக்ஸ் அட்டவணையில் உள்ளவை ஆகியவற்றை எழுதக் கூடாது என்பது பொது விதி.

இதில் எனக்குச் சரியென்று படுவது அந்த ஆறு மாதக் கணக்கு. நேரில் ஒருமுறை தொட்டுப் பார்த்தவர் ஃபோனில் பேசும்போது, உங்கள் கால் வீக்கம் போன மாதம் எப்படி இருந்தது என்பது அவர் மனதில் இருக்கும். புதியவருக்கு நீங்கள் சொல்வது மட்டும்தான் கதி. அதனால் பெருந்தொற்று நேரத்தில் ஃபோன் வசதியை முழுசாகப் பயன்படுத்த முடிந்தவர்கள், அதற்கு முன்பே ஒரு டாக்டரிடம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவர்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியே காலம் தள்ளியவர்களுக்கு அது பாதிதான் உதவியது.

நோயாளிக்கும் இந்த விதியில் உரிமைகள் உண்டு, அவை அதிகம் தெரிவதில்லை. நீங்கள் நேரில் வருகிறேன் என்றால், ஃபோனில்தான் பேசுவேன் என்று டாக்டர் கட்டாயப்படுத்தக் கூடாது. சீட்டில் அவருடைய பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். நேரில் வாங்குவது போலக் கட்டணம் வாங்கலாம், அதற்கு ரசீது தர வேண்டும். அழைத்தது நீங்கள் என்றால் சம்மதம் தந்ததாகவே கொள்ளப்படும். நோயாளி சிறுவரோ சிறுமியோ என்றால் பெரியவர் ஒருவர் கூட இருந்தாக வேண்டும். அவசர நிலை என்று தெரிந்தால் டாக்டர் செய்யக்கூடியது முதலுதவி சொல்வதும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வதும்தான். நெஞ்சு வலிக்கு ஃபோனில் மாத்திரை கேட்டு நிற்கக் கூடாது. 108ஐ அழைக்க வேண்டும்.

மூச்சைக் காதால் கேட்பது

கோவிட் அழைப்பில் டாக்டருக்குத் தேவைப்பட்ட தகவல்கள் மிகக் கொஞ்சம். எத்தனையாவது நாள், மூச்சு எப்படி, ஏற்கெனவே என்னென்ன நோய். நாள் கணக்கு ஏன் முக்கியம் என்றால், பலருக்கு முதல் நாலைந்து நாள் சாதாரண ஜுரமாகவே போகும்; முதல் வாரம் முடிந்து இரண்டாவது வாரம் தொடங்கும் கட்டத்தில்தான் நுரையீரல் சரியத் தொடங்கும். "நேத்துதான் ஜுரம் வந்துச்சு" என்பதற்கும் "வந்து ஒரு வாரமாச்சு, இன்னும் விடலை" என்பதற்கும் டாக்டரின் பதில் மாறும். மருந்து போட்டதும் ஜுரம் விட்டுவிட்டு வரும்போது முதல் நாள் எது என்பது வீட்டிலேயே மறந்துபோகும். காலண்டரில் ஒரு புள்ளி வைத்திருந்தவர்களிடம் பேசுவது டாக்டருக்கு எளிது.

மூச்சை அவர் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிடக் கேட்காமல் தெரிந்துகொள்வது அதிகம். "மூச்சுத் திணறல் இருக்கா?" என்றால் பாதிப் பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்களோ என்கிற பயத்தில். அதனால் "காலைல என்ன சாப்பிட்டீங்கம்மா, யார் சமைச்சாங்க?" என்று பேச்சை நீட்டுவார்கள். ஒரு வாக்கியம் முடிவதற்குள் நடுவில் மூச்சு வாங்குகிறதா, பாத்ரூம் போய் வந்தால் உட்கார வேண்டியிருக்கிறதா, நேற்று ஏறிய மாடியை இன்று ஏற முடிகிறதா என்பதில் விஷயம் தெரிந்துவிடும். ஃபோனை வைத்திருக்கும் மகனிடமிருந்து வாங்கி நோயாளியையே பேசச் சொல்வதற்கும் காரணம் இதுதான்.

ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது என்று பார்க்கும் முறை அப்போது பரவியது. அதை நம்புவதற்கு ஆதாரம் போதாது என்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2020இலேயே எச்சரித்தார்கள். பத்து விநாடி மூச்சை அடக்க முடிந்தால் கொரோனா இல்லை என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதோ சுத்தப் பொய். உலக சுகாதார நிறுவனமே அதை மறுத்தது.

பிறகு வந்தது பல்ஸ் ஆக்சிமீட்டர். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று எண் காட்டும் அந்தச் சின்னக் கருவி 2021 மே மாதத்தில் தெர்மாமீட்டரை ஓரங்கட்டிவிட்டது. மூச்சுத் திணறல் தெரியாமலே ஆக்சிஜன் இறங்கும் நோயாளிகள் இருந்ததால் அதற்கு அவசியமும் இருந்தது. வீட்டுத் தனிமையில் இருப்பவர்களுக்கென்று 2022 ஜனவரியில் மத்திய அரசு தந்த கணக்கு இது: ஒரு மணி நேரத்துக்குள் மூன்று தடவையாவது பார்த்தும் 93 அல்லது அதற்குக் கீழ் காட்டினாலோ, நிமிடத்துக்கு 24 மூச்சுக்கு மேல் வாங்கினாலோ, 100 டிகிரிக்கு மேல் ஜுரம் மூன்று நாள் தாண்டியும் நின்றாலோ, நெஞ்சில் அழுத்தம் விடாமல் இருந்தாலோ, பேச்சு குழம்பினாலோ ஃபோனை வைத்துவிட்டு நேரில் போக வேண்டும்.

எண்ணை எடுப்பதில் ஒரு முறை இருக்கிறது. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்து, விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சு இல்லாத விரலில் மாட்டி, எண் ஆடி ஓய்ந்து ஓரிடத்தில் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். மாட்டிய உடனே காட்டிய எண்ணைப் பார்த்து அலறியவர்கள் நிறையப் பேர்.

இந்தக் கருவியில் நம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒரு குறை உண்டு. தோல் வழியே ஒளியைச் செலுத்தி அளப்பதால், கறுத்த தோலில் இது ஆக்சிஜனை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியும் ரத்தத்தில் நேரடியாக அளந்தால் 88க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் சுமார் 4 சதவீதம், கறுப்பினத்தவரில் சுமார் 12 சதவீதம். இரண்டு மாதத்தில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் எச்சரிக்கை விட்டது. நம் ஊர் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இதன் பொருள்: ஒற்றை எண்ணைவிட எண் போகும் திசையைப் பாருங்கள். நேற்று 98, இன்று காலை 96, மாலை 95 என்றால், எல்லைக்கு மேல்தானே இருக்கிறது என்று ஆறுதல் கொள்ளாமல் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

சுற்றிவந்த சீட்டு

தொலைமருத்துவத்தின் பெயரில் நடந்ததிலேயே மோசமானது டாக்டர் இல்லாமல் நடந்ததுதான். இரண்டாம் அலையில் ஒருவருக்கு எழுதிய சீட்டு படமாகக் குடும்பக் குழுக்களில் சுற்றியது. "எங்க சித்தப்பாவுக்கு இதுதான் கேட்டுச்சு" என்கிற ஒரு வரியோடு. அதில் சில சமயம் ஸ்டீராய்டும் இருந்தது. பிரிட்டனில் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2020 ஜூனிலேயே வந்திருந்தது: டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு, ஆக்சிஜன் தேவைப்படும் நிலைக்குப் போனவர்களின் உயிரைக் காத்தது, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் காட்டவில்லை. ஜுரம் வந்த இரண்டாம் நாளே அதைப் போட்டுக்கொண்டால் சுகர் ஏறும், எதிர்ப்புச் சக்தி இறங்கும். 2021 மே மாதம் கறுப்புப் பூஞ்சை பரவியபோது கட்டுக்குள் இல்லாத சுகரும் தேவையற்ற ஸ்டீராய்டும்தான் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. சித்தப்பாவின் சீட்டில் சித்தப்பாவின் எடை, வயது, சுகர், அன்றைக்கு அவர் நோயின் எத்தனையாவது நாளில் இருந்தார் என்பது எல்லாம் கலந்திருக்கிறது. மருந்தின் பேரை மட்டும் எடுத்துக்கொண்டால் மற்றதெல்லாம் போய்விடும்.

கூப்பிடவும் இல்லை, வரவும் இல்லை

கோவிட்டுக்காக ஃபோன் செய்தவர்களைப் பற்றியே பேசுகிறோம். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒட்டிக்கொள்ளும் என்று எதற்குமே போகாமல் இருந்தவர்களின் கணக்கு இன்னும் பெரியது. நாட்டில் 2019இல் பதிவான காசநோயாளிகள் சுமார் 24 லட்சம். 2020இல் அது சுமார் 18 லட்சமாகக் குறைந்தது. நோய் ஒரே வருடத்தில் கால்வாசி ஓடிப்போகவில்லை. சோதனைக்கு யாரும் வரவில்லை. இருமலோடு வந்தவர்களுக்கும் மூக்கில் ஸ்வாப் எடுத்து, கோவிட் இல்லை என்றதும் நிம்மதியாக அனுப்பியது நடந்தது. இருமலுக்கு இரண்டு சோதனையும் செய்யுங்கள் என்று 2020 ஆகஸ்டில் மத்திய அரசே சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளியைக் கொடுத்துச் சோதிப்பது மட்டுமே வழி, ஃபோனில் அதற்கு மாற்றே கிடையாது.

நேரில் மட்டுமே தீர்கிற விஷயங்கள் இன்னும் உண்டு. வயிற்று வலியில் எங்கே அழுத்தினால் துடிக்கிறார் என்பது கையால்தான் தெரியும். சுகர் உள்ளவரின் பாதத்தில் புண் என்றால் படம் போதாது, உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிக்கு பி.பி.யும் குழந்தையின் துடிப்பும், குழந்தைக்குத் தடுப்பூசி, சிறுநீரகம் செயலிழந்தவருக்கு டயாலிசிஸ். வாய் கோணினாலோ, ஒரு கை இறங்கிப்போனாலோ நிமிடங்கள்தான் கணக்கு. இதற்கெல்லாம் பெருந்தொற்றைக் காரணம் காட்டித் தள்ளிப்போட்டவர்கள் தொற்றைவிடப் பெரிய விலை கொடுத்தார்கள் என்பதே என் கருத்து.

தள்ளிப்போடக் கூடியது எது என்றால், நிலையாக இருக்கும் பிரஷர், சுகருக்கு மாதாமாதம் மாத்திரை வாங்கப் போவது. மாவட்ட ஆஸ்பத்திரி வரிசைகளில் பெரும்பங்கு இவர்கள்தான். ஊரடங்கின் தொடக்கத்திலேயே தமிழக அரசு இவர்களுக்கு இரண்டு மாத மாத்திரையைச் சேர்த்துத் தரச் சொன்னது, எந்தச் செயலியைவிடவும் உடனடிப் பலன் தந்த முடிவு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அந்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. இருந்தாலும் மாதக்கணக்கில் சுகர் பார்க்காமல் பழைய அளவிலேயே மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பது நல்லதல்ல. ரத்தச் சோதனையை லேபில் கொடுத்து, முடிவைப் படமெடுத்து அனுப்பிவிட்டு ஃபோனில் பேசுவது சரியான நடுவழி.

டோக்கன் வாங்கிப் பேசுவது

வீட்டிலிருந்தே வீடியோவில் டாக்டரைப் பார்க்க உதவும் அரசின் இ-சஞ்சீவனி ஓ.பி. 2020 ஏப்ரல் 13இல் திறந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் மொகாலி கிளை உருவாக்கியது. முதல் மாதங்களில் இதை நாட்டிலேயே அதிகம் பயன்படுத்திய மாநிலம் தமிழ்நாடு. செல் நம்பருக்கு ஓ.டி.பி. வரும், விவரம் நிரப்பினால் டோக்கன், பிறகு வரிசை, பிறகு வீடியோவில் டாக்டர், முடிந்ததும் சீட்டு ஃபோனுக்கே வந்துவிடும். காசு கிடையாது. மறுமுனையில் இருப்பவருக்கு உங்களைத் தெரியாது என்பதுதான் சிக்கல். அதனால் டோக்கன் வருவதற்குள் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்து மேசையில் பரப்பி வைத்துக்கொள்ளுங்கள். "காலைல ஒரு வெள்ளை மாத்திரை, ராத்திரி ஒரு சின்ன ரோஸ் கலர்" என்பதை வைத்து எந்த டாக்டராலும் எதுவும் செய்ய முடியாது. ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதும் இருந்தால் அவர் கேட்கும்வரை காத்திராமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தோலில் தடிப்பு என்றால் ட்யூப்லைட்டில் எடுத்த படம் உதவாது. பகல் வெளிச்சத்தில், தள்ளி ஒன்று, கிட்டத்தில் ஒன்று. பாட்டிக்காகப் பேரன் பேசலாம், விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் பாட்டி பக்கத்தில் இருந்தால் நல்லது.

ஒற்றை அறை வீட்டில் எல்லோரும் கேட்க ஒரு பெண் வெள்ளைப்படுதலைப் பற்றியோ மனச்சோர்வைப் பற்றியோ எப்படிப் பேசுவாள் என்பதை இந்த ஏற்பாடுகளை வகுத்தவர்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை. அவளுக்குக் கிளினிக்கின் திரைச்சீலையே பெரிய வசதி.

நேரில் போவது என்று முடிவானால், முன்கூட்டியே ஃபோன் செய்து நேரம் வாங்கி, ஜுரம் இருந்தால் அதை அப்போதே சொல்லிவிட வேண்டும், தனி வரிசையில் பார்ப்பதற்காக. துணைக்கு ஒருவர் போதும். வாசலில் நெற்றியில் துப்பாக்கி பிடித்துச் சூடு பார்த்தது பெரும்பாலும் சடங்கு. ஜுரம் இல்லாமலே பரப்பியவர்கள் ஏராளம். ஆபத்து அதிகம் இருந்தது கண்ணாடி சாத்திய ஏ.சி. காத்திருப்பு அறையில். முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 மாஸ்க்கும், முறை வரும்வரை வெளியே மரத்தடியில் நிற்பதும் பத்து தடவை கை கழுவுவதைவிட அதிகம் காப்பாற்றின. இருமல் வந்தபோது மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டு இருமியவர்களை எந்தக் காத்திருப்பு அறையிலும் பார்க்கலாம், அவர்களை என்ன செய்வது!

கோவிட்டுக்காகப் பழகிய இந்தப் பிரிவினை எல்லா வைரஸுக்கும் அப்படியே பொருந்தாது. மழைக்காலத்தில் வரும் டெங்குவில் கணக்கு தலைகீழ். ஜுரம் இறங்கும் அந்த மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாள்வரைதான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ஆள் சரிகிற கட்டம். "ஜுரம் விட்டுடுச்சு டாக்டர், குழந்தை சும்மா படுத்தே கிடக்கு" என்று ஃபோனில் நிம்மதியாகச் சொல்லப்படும் செய்தி, கேட்கிற டாக்டருக்கு அபாய மணி. விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, சோர்ந்து கிடப்பது, இதில் எது ஒன்று இருந்தாலும் அன்றைக்கே நேரில் காட்டி, ரத்த அணுக்களையும் பி.பி.யையும் பார்த்துவிட வேண்டும். வலிக்கிறதே என்று அந்தச் சமயத்தில் ஐபுபுரோஃபெனோ ஆஸ்பிரினோ கொடுத்துவிடக் கூடாது. பாராசிட்டமால் மட்டும்.